பழைய டப்பாவில் ஒரு ரூபாய்

பல் டாக்டர் ராமானுஜத்துக்கு வாழ்க்கையில் இரண்டே கொள்கைகள். ஒன்று, பழைய காசைக் கழுவக்கூடாது. இரண்டு, காசைப் பார்த்து வாங்க வேண்டும், அது உட்கார்ந்திருக்கும் டப்பாவைப் பார்த்து அல்ல. பல் விஷயத்தில்கூட அவருக்கு இத்தனை உறுதி கிடையாது. கடைவாயில் வலி என்று யாராவது வந்தால், பிடுங்கலாமா வேண்டாமா என்று இரண்டு பக்கமும் பத்து நிமிஷம் தானே வாதாடுவார். ஆனால் ஒரு வெள்ளி ரூபாயைப் புளி போட்டுத் தேய்த்து எடுத்துவந்து, "பளபளன்னு இருக்கு பாருங்க டாக்டர்" என்று எவனாவது காட்டிவிட்டால் போச்சு, மனுஷன் சாமியாடிவிடுவார். "கழுவிட்டீங்களா?" என்று அவர் கேட்கிற தொனியில், கேட்கப்பட்டவன் கொலை செய்துவிட்டு வந்தவன் மாதிரி தலை குனிந்து நிற்பான்.

மயிலாப்பூர் சித்திரக்குளம் பக்கத்தில் சொந்த வீடு. கீழே கிளினிக், மேலே குடித்தனம். மேலே ஹால், படுக்கையறை, சமையலறை, அப்புறம் தெற்குப் பார்த்த ஓர் அறை. இந்தக் கதையில் நடக்கிற அத்தனையும் அந்தத் தெற்கு அறைக்காகத்தான். காற்றும் வெளிச்சமும் கொட்டுகிற அறை. ராமானுஜம் அதன் ஜன்னல்களைச் சாத்தி, திரை போட்டு, இரண்டு இரும்பு பீரோ நிறையக் காசுகளை வைத்திருந்தார். காசுக்குக் கடல்காற்று ஆகாதாம்.

மனைவி ஜானு ஹாலில் பாட்டு சொல்லிக்கொடுத்தாள். பதினோரு பிள்ளைகள், சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு மாயாமாளவகௌளை பாடின. சமையலறையில் குக்கர் கூவினால் அது எந்த ஸ்வரம் என்று ஒரு வாண்டு எழுந்து சொல்லும். அந்த அளவுக்கு நெருக்கம். தெற்கு அறைமேல் ஜானுவுக்குக் கண் இருந்ததில் ஆச்சரியமே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் ராமானுஜம் ஒரு விஜயநகரப் பொன் காசு வாங்கினார். வாங்கிய கையோடு காசு சேகரிப்போர் சங்கத்தில் காட்டினார். சாந்தோம் ஆம்ப்ரோஸ் அதை வாங்கி, உள்ளங்கையில் வைத்து ஒரு தரம் தூக்கிப் பார்த்து, "பித்தளை, டாக்டர். நல்ல பித்தளை" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆம்ப்ரோஸ் பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பொய் சொல்லத் தெரியாது. ஆறுதலுக்காகக்கூடச் சொல்லத் தெரியாது.

ஜானு சண்டை போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சாயங்காலம் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்:

"இனிமே காசே வாங்காதீங்கோன்னு நான் சொல்லலை. அடுத்து வாங்கறதை சங்கத்துக்கு எடுத்துண்டு போங்கோ, நானும் வரேன். குடுத்த பணம் அன்னிக்கு அது பெறும்னு ஆம்ப்ரோஸ் சார் சொல்லட்டும். நான் வாயே திறக்க மாட்டேன். பெறாதுன்னு சொல்லிட்டார்னா அந்த ரூம் என்னோடது. பீரோ ரெண்டும் கீழே கிளினிக்குக்குப் போயிடணும்."

"கிளினிக்ல ஏது இடம்?"

"அது என் கவலை இல்லையே."

அன்றிலிருந்து இரண்டு வருஷம் ராமானுஜம் ஒரு காலணாகூட வாங்கவில்லை. கை அரித்தது. பேஷண்ட் வாயைத் திறந்தால் உள்ளே வெள்ளி அடைத்த பல்லைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற நிலைமைக்கு வந்துவிட்டார்.

இங்கே டப்பா என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் சில கம்பெனிகள் இருக்கின்றன. காசை அனுப்பினால் ஆராய்ந்து, எழுபதுக்கு இத்தனை என்று மார்க் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, திறக்க முடியாமல் ஒட்டி, மேலே லேபிள் வைத்து அனுப்புவார்கள். இந்தத் தொழில் ஆரம்பித்த காலத்தில் மார்க் போட்டவர்கள் மகா கருமிகள். அந்த நாளில் எஸ்.எஸ்.எல்.சி.யில் அறுபது வாங்கினவன் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனானே, இன்று தொண்ணூற்றெட்டு வாங்கின குழந்தை ரெண்டு மார்க் போச்சே என்று அழுகிறதே, அதே சங்கதிதான். அன்று அறுபத்திரண்டு போட்ட காசுக்கு இன்று அறுபத்துநாலு தாராளமாகக் கிடைக்கும் என்பது நம்பிக்கை. அதனால் பழைய டப்பா என்றால் கிராக்கி. போகப் போக, உள்ளே எந்தக் காசு இருந்தால் என்ன, டப்பா பழசாக இருந்தால் சரி என்று வாங்குகிறவர்களும் முளைத்தார்கள்.

சங்கத்தில் அப்படி முளைத்தவர் ஆம்ப்ரோஸ். அவரிடம் முப்பத்தொரு பழைய டப்பாக்கள் இருந்தன. உள்ளே இருப்பதெல்லாம் கோடிக்கணக்கில் அச்சடித்த சாதாரண ரூபாய்கள். "டப்பா ஆம்ப்ரோஸ்" என்று அவருக்குப் பெயர் வைத்ததே ராமானுஜம்தான். வருஷா வருஷம் சங்கத்தில் எழுந்து நின்று பேசுவார்: "சாதாரணக் காசுக்கு டப்பா பழசுன்னு நாலு மடங்கு குடுக்கறவன், கோயில்ல பொங்கலைக் கொட்டிட்டு தொன்னையை ஆத்துக்கு எடுத்துண்டு போறவன்." எல்லோரும் சிரிப்பார்கள். ஆம்ப்ரோஸும் சிரிப்பார். அவர் பல்செட்டு முழுசாகத் தெரியும். அதைச் செய்து கொடுத்ததும் ராமானுஜம்தான்.

இந்த ஆவணி மாதம் தி. நகரில் வலியுல்லா போன் பண்ணினார். பாண்டி பஜார் பக்கத்தில், ஜவுளிக்கடை மாடியில், லிஃப்ட் போகாத மூன்றாவது மாடியில் அவர் கடை. "டாக்டர் சாப், சும்மா வந்து பாத்துட்டுப் போங்க. வாங்க வேணாம்." இந்த வார்த்தையை நம்பி மூன்று மாடி ஏறியவர்களில் எவனும் வெறுங்கையோடு இறங்கியதில்லை.

வலியுல்லா மேஜைமேல் வைத்தது ஒரு பழைய டப்பா. பச்சை நிற லேபிள். 1918-ஆம் வருஷத்து ஜார்ஜ் ராஜா ரூபாய். அறுபத்திரண்டு மார்க். இதைவிடச் சாதாரணமான காசு கிடையாது. மயிலாப்பூரில் நாலு வீட்டு பூஜை அலமாரியைத் துழாவினால் மூன்றில் கிடைக்கும். டப்பா இல்லாமல், இந்தத் தரத்தில், நாலாயிரம் பெறும்.

"எவ்வளவு?"

"பதினெட்டு."

"பதினெட்டா! வலியுல்லா, இது தொன்னை விலை."

"அதெல்லாம் நீங்க சங்கத்துல பேசறது டாக்டர் சாப். இங்க இன்னாத்துக்கு? கண்ணால பாருங்க."

ராமானுஜம் பல் பார்க்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டார். டப்பாவின் முகத்தில் கீறல் மேல் கீறல், உள்ளே பனி பெய்கிற மாதிரி இருந்தது. விளக்கை ஒருச்சாய்த்துப் பிடித்து, கீறல்களுக்கு நடுவே ஒரு சந்து கண்டுபிடித்து, அதற்குள் பார்த்தார். ராஜாவின் கன்னத்தில் தேய்மானம் இல்லை. தாடியில் ஒவ்வொரு முடியும் இருந்தது. மேலங்கியில் இருக்கும் குட்டி யானை தும்பிக்கை சிதையாமல் நின்றது. டப்பாவை இன்னும் கொஞ்சம் சாய்த்தார். விளிம்பைச் சுற்றி ரோஜா நிறம், அதற்குள்ளே நீலம், நடுவில் பழுப்பு. நூறு வருஷம் யாரும் தேய்க்காமல் விட்ட வெள்ளிக்கு மட்டும் வருகிற நிறம். இது அறுபத்திரண்டு இல்லை. அறுபத்துநாலு. அறுபத்தைந்தே கொடுக்கலாம்.

"கீறல் ஜாஸ்தியா இருக்கே."

"அது அதோட வயசு. கீறல் கீதுன்னாதான் டப்பா ஒரிஜினல்னு அர்த்தம். நீங்க எடுத்துக்கலேன்னா பரவால்ல. ஆம்ப்ரோஸ் சாருக்கு ஒரு போன் போட்டா பறந்துகினு வருவாரு."

இந்தப் பெயரைக் கேட்டதும் ராமானுஜத்தின் மூளை வேலை செய்தது. நீதிபதி யார்? ஆம்ப்ரோஸ். ஆம்ப்ரோஸுக்கு எதன்மேல் பைத்தியம்? பழைய டப்பா. அப்படியானால் இதைவிடப் பத்திரமாக எதை வாங்க முடியும்? கொள்கை கொஞ்சம் இடித்தது. ஆனால் நான் வாங்குவது காசைத்தானே, டப்பா கூட வருகிறது, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பதினைந்தாயிரத்துக்குப் படிந்தது. மூன்று மாடியும் இறங்குகிறபோது இருபது வயது குறைந்த மாதிரி இருந்தது.

மறுநாள் அமாவாசை. மயிலாப்பூரில் அமாவாசையன்று பல் பிடுங்க ஈ காக்கை வராது. ராமானுஜம் காலி கிளினிக்கில் உட்கார்ந்து டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது. உள்ளே அத்தனை அழகு, வெளியே இந்தக் கீறல். ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் இந்தச் சந்து வழியாக யார் பார்க்கப்போகிறார்கள்? ஆம்ப்ரோஸ் லேபிளைப் பார்ப்பார், டப்பாவைப் பார்ப்பார், கீழே வைத்துவிடுவார். ஜானு பார்த்தால் பழைய சோப்பு டப்பா என்பாள். அந்த ரோஜா நிறத்தை யாரும் பார்க்கப்போவதில்லை.

கிளினிக்கின் பின்பக்கம் பல்செட்டு மெருகு போடுகிற மெஷின் இருந்தது. அதுவும் பிளாஸ்டிக், இதுவும் பிளாஸ்டிக். முப்பது வருஷ வெற்றிலைக் கறை ஏறின பல்செட்டையே கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்தவர் அவர். காசைத்தானே கழுவக்கூடாது? டப்பா என்ன, தொன்னைதானே?

முதலில் ஈரக் கல்பொடி போட்டுச் சக்கரத்தில் காட்டினார். சூடு ஏறாமல் விட்டு விட்டுக் காட்டினார். பிறகு துணிச் சக்கரம், பிறகு மெருகுப் பசை. முன்பக்கம் முடிந்ததும் பின்பக்கம். நாலு மூலைகளிலும் இருந்த சொரசொரப்பையும் விட்டுவைக்கவில்லை. வேலை என்று வந்துவிட்டால் அரைகுறை அவருக்குப் பிடிக்காது. முக்கால் மணி நேரத்தில் டப்பா இருக்கிற இடமே தெரியவில்லை. ராஜா காற்றில் மிதந்தார். ரோஜாவும் நீலமும் அறை முழுக்கத் தெரிந்தன. ராமானுஜம் ஆனந்தத்தில் யாருமில்லாத கிளினிக்கில் "அடுத்து!" என்று குரல் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சங்கம் கூடுவது கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் இரண்டாம் வகுப்பு அறையில். பெரியவர்கள் பதினெட்டுப் பேர் ஏழு வயதுக் குழந்தைகளின் பெஞ்சில் முழங்காலை மோவாயில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஜானு பட்டுப்புடவையில் வந்திருந்தாள். அறை கிடைத்தால் எங்கே பாய் போடுவது என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருக்கிறாள் என்று ராமானுஜத்துக்குத் தோன்றியது. சங்கச் செயலாளர் தமிழ்மாறன், "இன்னிக்கு முதல் ஐட்டம், நம்ம டாக்டர் ரெண்டு வருஷத்துக்கப்புறம் வாங்கின காசு" என்று அறிவித்தார். ராமானுஜம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பதினைந்தாயிரம் என்று விலையைச் சொல்லி, டப்பாவை ஆம்ப்ரோஸ் கையில் கொடுத்தார்.

அறையில் ஒரு சலசலப்பு. "டாக்டர் தொன்னை வாங்கிட்டாரு டோய்" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல். ராமானுஜம் காதில் விழாத மாதிரி சுவரில் இருந்த 'அ அம்மா, ஆ ஆடு' படத்தைப் பார்த்தார்.

ஆம்ப்ரோஸ் சிரிக்கவில்லை. டப்பாவை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். லேபிளைப் பார்த்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார்.

"டாக்டர், இது எங்க கிடைச்சுது?"

"தி. நகர்ல."

"பச்சை லேபிள், முதல் அஞ்சு வருஷத்து டப்பா. இருபத்தஞ்சு வருஷமா பாக்கறேன், என்கிட்டயே முப்பத்தொண்ணு இருக்கு. ஒண்ணுலகூட இப்படி இல்ல. கீறலே இல்ல. ஒரு கீறல்கூட இல்ல! யாரோ வாங்கின அன்னிக்கே பெட்டியில வெச்சுப் பூட்டி, இன்னிவரைக்கும் யாருமே தொடாம இருந்திருக்கு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "பதினஞ்சா குடுத்தீங்க? இருபத்தஞ்சு பெறும். யாரும் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி நானே கேட்டுடறேன், எனக்குக் குடுத்துடுங்க."

ராமானுஜம் மனசுக்குள் கணக்குப் போட்டார். அறை அவருடையது. இரும்பு பீரோக்கள் இருந்த இடத்தில் இருக்கும். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

வாயைத் திறக்காமல் இருப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் பல் டாக்டரிடம் வந்து பார்க்க வேண்டும். ராமானுஜத்துக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மனசுக்குள் அவசர அவசரமாக ஒரு வழி தேடினார். விற்காவிட்டால் யாரை ஏமாற்றினோம்? யாரையும் இல்லை. அறையும் மிஞ்சும், பாவமும் இல்லை.

"விக்கறதுக்கில்லை, ஆம்ப்ரோஸ். எனக்கே வேணும்."

"முப்பது."

"விலைக்காக இல்லை..."

"முப்பத்தஞ்சு, டாக்டர். அதுக்கு மேல என்னால முடியாது. என் சம்சாரம் ஐரின் குளியலறை டைல்ஸ் மாத்தணும்னு ஒரு வருஷமா சேத்து வெச்சிருக்கா. அவகிட்ட நான் பேசிக்கறேன்." அவர் போனை எடுத்து, பணம் அனுப்பத் தயாராக விரலை வைத்துக்கொண்டு நின்றார். கட்டைவிரலில் சாக்பீஸ் காலத்துத் தழும்பு இன்னும் இருந்தது.

அப்போதுதான், இரண்டு வருஷமாக வாயே திறக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்த ஜானு வாயைத் திறந்தாள். "குடுத்துடுங்கோன்னா. இவ்வளவு ஆசையா கேக்கறார். நான்தான் தோத்துட்டேனே, ரூம் உங்களோடதுதான். அப்புறம் என்ன?" அவள் குரலில் கோபமே இல்லை. தோற்றதை ஒப்புக்கொள்கிற நேர்மை இருந்தது. அது ராமானுஜத்தைச் சுத்தமாகக் கவிழ்த்துவிட்டது.

ஆம்ப்ரோஸின் விரல் போனைத் தொடப்போனது.

"அனுப்பாதீங்கோ!" என்று ராமானுஜம் கத்தினார். குழந்தைகள் பெஞ்ச் ஒன்று ஆடி அடங்கியது. "அது... அதுல கீறல் இருந்தது."

"எதுல?"

"டப்பால. நிறைய இருந்தது. நான்தான் எடுத்தேன்."

தமிழ்மாறன்தான் மெதுவாகக் கேட்டார். கேட்டது ஒரே வார்த்தை. ஆனால் அந்தக் கேள்வியைக் கண்டுபிடித்தவரே ராமானுஜம்தான்.

"கழுவிட்டீங்களா?"

"பல்செட்டு மெஷின்ல போட்டேன்" என்றார் ராமானுஜம். கொலை செய்துவிட்டு வந்தவன் மாதிரிதான் நின்றார்.

ஆம்ப்ரோஸ் டப்பாவை மெல்ல உயர்த்தி மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். கிராம்பு வாசனை. அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. "அதானே பாத்தேன். கையில எடுத்ததுலேர்ந்து என்னமோ ரொம்பப் பழகின பொருள் மாதிரியே தோணுச்சு. என் பல்செட்டு வந்த அன்னிக்கு இதே வாசனைதான் டாக்டர்!"

அதற்குப் பிறகு அந்த வகுப்பறையில் எழுந்த சிரிப்பு இரண்டாம் வகுப்புக் குழந்தைகள்கூட எழுப்பியிருக்காத சிரிப்பு. பின்பெஞ்ச்காரர் பெஞ்சோடு சாய்ந்தேவிட்டார். ராமானுஜம் 'ஆ ஆடு' படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சிரிப்பு அடங்கியதும் ஆம்ப்ரோஸ் தீர்ப்பைச் சொன்னார். "கீறலோட இருந்தா குடுத்த பதினஞ்சு பெறும். நல்லா பாத்துத்தான் வாங்கியிருக்கீங்க. இப்போ மூலையெல்லாம் மழுங்கிடுச்சு, பழசுன்னு சொன்னா வெளியில எவனும் நம்ப மாட்டான். காசு நாலாயிரம். டப்பாவுக்கு ஒண்ணும் கிடையாது. மன்னிச்சுக்குங்க டாக்டர்." பொய் சொல்லத் தெரியாத மனுஷனிடம் இதைத்தான் எதிர்பார்க்க முடியும்.

ஆட்டோவில் திரும்பி வருகிறபோது ராயப்பேட்டை தாண்டும்வரை ஜானு வேறெதையும் பார்க்கவில்லை. டப்பாவை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். அப்புறம், "இது என்ன கலர், இத்தனை அழகா?" என்றாள்.

"யாரும் தேய்க்காம விட்டா அப்படி வரும்."

"நீங்க பேசாம இருந்திருந்தா ரூமும் இருந்திருக்கும், முப்பத்தஞ்சாயிரமும் வந்திருக்கும்."

"ஆமாம்."

"நாளைக்கு உங்க பீரோவைக் கீழே எறக்கச் சொல்லிடறேன்" என்றாள் ஜானு. பிறகு, இருபத்தெட்டு வருஷ தாம்பத்தியத்தில் ஆட்டோவில் முதல் தடவையாக, அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். ராமானுஜத்துக்கு அவமானத்தில் அழுவதா, சந்தோஷத்தில் அழுவதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் சேர்த்துக் கொஞ்சம் அழுதார்.

புதன்கிழமைக்குள் தெற்கு அறையின் ஜன்னல்கள் திறந்துவிட்டன. பீரோ இரண்டும் கிளினிக்கில் நோயாளி நாற்காலிக்குப் பின்னால் நின்றன. வாயைத் திறந்து படுத்திருப்பவர்கள், மேலே தலையை நீட்டும் இரும்பு பீரோவைப் பார்த்து இன்னும் கொஞ்சம் பயந்தார்கள். மாடியிலிருந்து பதினோரு குரல்கள் தாராளமாகக் கைகால் நீட்டிக்கொண்டு பாடின.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆம்ப்ரோஸ் வந்தார். பல்செட்டு உறுத்துகிறதோ என்று ராமானுஜம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஆம்ப்ரோஸ் வாயைத் திறக்கவில்லை. துணிப்பையைத் திறந்து ஒரு பழைய டப்பாவை எடுத்து வைத்தார். கீறலில் உள்ளே எதுவும் தெரியவில்லை.

"1862, ராணி ரூபாய்" என்றார். "பதினெட்டு வருஷமா வெச்சிருக்கேன். லேபிள் ராணின்னு சொல்லுது, நம்பிக்கிட்டு இருக்கேன்."

"அதுக்கு?"

ஆம்ப்ரோஸ் கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "நான் தோமையார் கோயில் பங்கைச் சேர்ந்தவன் டாக்டர். கண்ணால பாத்து விரலால தொட்டாத்தான் நம்புவேன்னு சொன்ன மனுஷன் அவரு. அவர் கோயிலுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருந்துக்கிட்டு, நான் முப்பத்தொரு காசைப் பாக்காமலே நம்பிக்கிட்டு இருக்கேன். அன்னிக்கு உங்க ராஜாவைப் பாத்ததுலேர்ந்து தூக்கமே இல்ல. இது ஒண்ணே ஒண்ணை மட்டும் அந்த மெஷின்ல..."

"பத்தாயிரம் போயிடும், ஆம்ப்ரோஸ்."

"போகட்டும்."

"சங்கத்துல தெரிஞ்சா?"

"நீங்க வாயைத் திறக்காம இருந்தா தெரியாது" என்றார் ஆம்ப்ரோஸ். சொல்லிவிட்டு, சொன்னது யாரிடம் என்று யோசித்து, கொஞ்சம் கவலைப்பட்டார்.

ராமானுஜம் மெஷினைப் போட்டார். கல்பொடி, துணிச் சக்கரம், மெருகுப் பசை. மூலைகளை மட்டும் இந்தத் தடவை தொடவில்லை. ஆம்ப்ரோஸ் பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்து, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையன் மாதிரி கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டிருந்தார். முக்கால் மணி ஆனது. ராமானுஜம் டப்பாவைத் துடைத்து, விளக்கடியில் வைத்து, விலகிக்கொண்டார்.

ராணிதான். சந்தேகமில்லை. ஆனால் மூக்கு தேய்ந்து மொட்டையாக இருந்தது. கன்னத்தில் கத்தியால் இழுத்த மாதிரி ஒரு நீளக் கீறல், அது டப்பாவின் கீறல் இல்லை, காசின் கீறல். நிறம் சொல்லவே வேண்டாம், அடுப்படிச் சுவரின் நிறம். ஓர் ஓரத்தில், யாரோ எந்தக் காலத்திலோ, புளி போட்டுத் தேய்த்த அடையாளம்கூட இருந்தது. கருமிகள் என்று பெயர் வாங்கிய அந்த அமெரிக்கர்கள் இதற்கு அறுபத்தொன்று எப்படிப் போட்டார்கள் என்று ராமானுஜத்துக்குப் புரியவில்லை. என்ன சொல்லித் தேற்றுவது என்று தேடினார்.

ஆம்ப்ரோஸ் நெடுநேரம் பார்த்தார். பிறகு டப்பாவை எடுத்து மோந்து பார்த்துவிட்டுத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"மீதி முப்பதை அப்படியே விட்டுடலாம், டாக்டர்" என்றார்.